பேரனுக்கு வாங்கிய துடுப்புப் பலகை

போன மே மாதம் என் மகள் பதினைந்து நாள் என்னோடு பேசவில்லை. காரணம் ஒரு பலகை. என் வயதுக்காரர்கள் பலருக்கும் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு இப்படி ஏதாவது ஒன்றைக் கேட்கத்தான் போகிறார்கள். என் புத்தி கெட்டுப்போன கதை நாலு பேருக்காவது உபயோகப்படட்டும் என்று எழுதுகிறேன்.

மகள் குடும்பம் ஸ்ரீவில்லிபுத்தூரில். நாங்கள் ராஜபாளையத்தில். நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். மில்லில் நெசவுப் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பேரன் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்துவிட்டு என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான்.

"தாத்தா, எனக்கு ஒரு பேடில் போர்டு வாங்கிக் கொடுங்க."

நான் ஏதோ கிரிக்கெட் சாமான் என்று நினைத்தேன். அவன் செல்போனில் படத்தைக் காட்டினான். தண்ணீர் மேல் நீளமாக ஒரு பலகை. அதில் ஓர் ஆள் நின்றுகொண்டு நீளமான ஒற்றைத் துடுப்பால் தள்ளிக்கொண்டு போகிறார். கோவளத்து சேகர் பச்சை என்று சொன்னான். மீனவக் குடும்பத்துப் பையன், இந்த விளையாட்டில் தேசியப் பட்டங்கள் வாங்கியவராம். பேரன் பள்ளிச் சுற்றுலாவில் ராமநாதபுரம் பக்கம் பிரப்பன்வலசைக்குப் போயிருக்கிறான். அங்கே கடலோரத்தில் கயாக்கும் இந்தப் பலகையும் ஓட்டச் சொல்லித் தருகிறார்கள். பத்து நிமிஷம் நின்று பார்த்திருக்கிறான். அதிலிருந்து பித்துப் பிடித்துவிட்டது.

ஹவாய்த் தீவில் அலைச்சறுக்கு சொல்லிக் கொடுத்தவர்கள் பலகை மேல் நின்றபடி துடுப்புப் போட்டதிலிருந்து வந்த விளையாட்டு என்கிறார்கள். 2000-க்குப் பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது. நமக்கு இது ஒன்றும் புதிதில்லை. நாலைந்து மரங்களைக் கயிற்றால் பிணைத்து அதன்மேல் நின்றும் மண்டியிட்டும் துடுப்புப் போட்டவர்கள்தானே நம் கரையோரத்து மக்கள்? கட்டுமரம் என்ற நம் வார்த்தையைத்தான் இங்கிலீஷ்காரன் கேட்டமரான் ஆக்கிக்கொண்டான்.

எனக்கும் தண்ணீர் ஆசை உண்டு. சின்ன வயதில் தோட்டத்துக் கிணற்றில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகியவன். அப்புறம் லாரி டியூப். பையன் கேட்டதும் அந்த டியூப் ஞாபகம் வந்துவிட்டது. அத்தோடு இன்னொன்றும் மனசில் இருந்தது. இன்னும் இரண்டு வருஷம் போனால் அவன் காலேஜ், ஹாஸ்டல் என்று போய்விடுவான். அப்புறம் தாத்தா என்று யார் வந்து உட்காரப் போகிறார்கள்?

டெபாசிட் வட்டியிலிருந்து இருபத்தைந்தாயிரம் ஒதுக்கினேன். அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

என் மனைவி கேட்ட முதல் கேள்வி நியாயமானது. "இத எங்க போட்டு ஓட்டுவீங்க?"

நம் ஊர்ப்பக்கம் வாய்ப்பில்லை. கண்மாய்கள் ஐப்பசி, கார்த்திகையில் பெருகும், மாசி பங்குனியில் தரை தெரியும். தண்ணீர் இருக்கிற காலத்திலும் அடியில் சீமைக் கருவேல மூடுகள் குத்தீட்டி மாதிரி நிற்கும். காற்றடைத்த பலகைக்கும் ஆகாது, விழுகிற ஆளுக்கும் ஆகாது. ராஜபாளையத்துக் குடிநீர்த் தேக்கத்தில் இறங்கக்கூடாது. மலையடிவாரம் போனால் காடு. 2021-லிருந்து அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். திருமுக்குளம் ஆண்டாள் கோயில் தீர்த்தம், அதில் போய் விளையாட்டுக் காட்ட முடியாது. ஆக, கடல்தான். ராமநாதபுரம் கரைக்குக் காரில் நாலு மணி நேரம்.

வருஷத்துக்கு மூன்று நாலு தடவைதான் போக முடியும் என்றால், போகிற இடத்தில் வாடகைக்கு எடுப்பதுதான் லாபம். இந்தக் கணக்கை அன்றைக்கே போட்டுப் பார்த்தேன். பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். பையன் முகம் அப்படி இருந்தது. உங்களுக்கு அந்த முகம் எதிரே இல்லை. அதனால் சொல்கிறேன்: வாங்குவதற்கு முன்னால் மூன்று நாலு தடவையாவது சொல்லிக் கொடுக்கிற ஆளோடு வாடகைப் பலகையில் ஏறிப் பாருங்கள். பிடித்திருக்கிறதா, எந்த அளவு ஒத்துவருகிறது என்று அப்போதுதான் தெரியும்.

இதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று கெட்டிப் பலகை. உள்ளே தெர்மாகோல் மாதிரி நுரை, வெளியே ஃபைபர். பத்தடி நீளத்தை ராஜபாளையத்திலிருந்து காரின் தலையில் கட்டிக் கொண்டுபோய், திரும்ப வந்து வீட்டில் எங்கே சாத்துவது? இன்னொன்று காற்றடைப்பது. சுருட்டிப் பைக்குள் வைத்தால் பத்துப் பன்னிரண்டு கிலோ. டிக்கியில் போட்டுக்கொள்ளலாம். எங்களுக்கு இரண்டாவதுதான் சரி.

காற்றடைத்தது என்றதும் டியூப் மாதிரி தொளதொளவென்று இருக்கும் என்று நினைத்தேன். அது எப்படிப் பலகை மாதிரி தட்டையாக நிற்கிறது? விசாரித்தபோதுதான் எனக்குச் சுவாரசியம் தட்டியது. அது நம் தொழில்! டிராப் ஸ்டிச் என்று ஒரு துணி. மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவே ஆயிரக்கணக்கான நூல்கள் இரண்டையும் பிணைத்துக்கொண்டு நெய்யப்பட்டிருக்கும். வெல்வெட் நெய்கிறபோது இரண்டு துணியைச் சேர்த்து நெய்து நடுவில் அறுப்பார்களே, அதே வழிதான். இதில் அறுப்பதில்லை. வெளியே பி.வி.சி. பூச்சு கொடுத்துக் காற்றை அடித்தால், இரண்டு துணியும் விலகப் பார்க்கும். நூல்கள் விடாமல் இழுத்துப் பிடிக்கும். அதனால் உப்பாமல் பலகையாக நிற்கிறது. 1950-களில் அமெரிக்காவில் குட்இயர் கம்பெனி இந்த மாதிரித் துணியை வைத்துக் காற்றடைத்துப் பறக்கிற விமானமே செய்திருக்கிறது.

தொழில் தெரிந்தவன் என்ற கர்வம் வந்துவிட்டது. அங்கேதான் சறுக்கினேன்.

அப்போது நான் பார்த்த விலைகளில் நல்லது என்று சொல்லக்கூடியவை முப்பதாயிரத்துக்குக் குறைந்து இல்லை. ஒன்று மட்டும் பதினோராயிரத்து ஐந்நூறு. ஒன்பதடி நீளம், முப்பது அங்குல அகலம், நாலு அங்குலத் தடிமன். துடுப்பு, பம்ப், பை, கால் கயிறு எல்லாம் சேர்த்து. நூறு கிலோ தாங்கும் என்று எழுதியிருந்தது.

நானும் பேப்பரில் கணக்குப் போட்டேன். ஒரு லிட்டர் கொள்ளளவு ஒரு கிலோவைத் தாங்கும். பலகையின் கொள்ளளவு ஆள் எடையைப் போல இரண்டு மடங்காவது இருந்தால் நல்லது என்பார்கள். இந்தப் பலகை முனைகள் குறுகினது போக நூற்றெழுபது லிட்டர் வந்தது. என் எடை எழுபத்தெட்டு. இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறதே! இருபத்தைந்தாயிரம் ஒதுக்கிய இடத்தில் பாதிக்கும் குறைவாக முடித்துவிட்டேன் என்று என் மனைவியிடம் பெருமை பேசினேன்.

லைஃப் ஜாக்கெட் தனியாக வாங்க வேண்டும். "பையனுக்குத்தான் நீச்சல் தெரியுமே" என்று விட்டுவிட்டேன்.

மொட்டை மாடியில் காற்றடித்துப் பார்த்தோம். அந்த பம்பில் எட்டு பி.எஸ்.ஐ. வரைக்கும்தான் ஏற்ற முடிந்தது, தோள்பட்டை விட்டுப்போனது. ராத்திரி முழுக்க வைத்தோம், இறங்கவில்லை. பரீட்சை பாஸ் என்று எனக்குத் திருப்தி.

மே மாதம் மூன்றாவது வாரம் நான், பேரன், மாப்பிள்ளை மூவரும் போனோம். சொல்லிக் கொடுக்கிற இடத்துக்குப் போகவில்லை. சொந்தப் பலகை இருக்கும்போது எதற்குப் பணம் கட்ட வேண்டும் என்று, பாக் நீரிணைப் பக்கம் ஒரு மீனவக் கிராமத்துக் கரையில் வண்டியை நிறுத்தினோம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கரையில் நாலைந்து பேர் நாட்டுப்படகைச் சாய்த்து வைத்து வலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடல் கண்மாய் மாதிரி அமைதியாகக் கிடந்தது. அலையே இல்லை. பேரனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

முதலில் நான்தான் ஏறினேன். மண்டி போட்டு இருந்தவரை ஒன்றும் இல்லை. எழுந்து நின்றதும் பலகை நடுவில் தொய்ந்து வாழைப்பழம் மாதிரி வளைந்தது. முனை இரண்டும் மேலே, என் பாதம் தண்ணீருக்குள்ளே. ஒரு தடவை துடுப்புப் போட்டேன், தலைகுப்புற விழுந்தேன். இடுப்பளவுத் தண்ணீர்தான். மாப்பிள்ளை சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் கணக்கு சரி, பலகைதான் தப்பு. மிதப்பதற்குக் கொள்ளளவு போதும். நிற்பதற்கு விறைப்பு வேண்டும். விறைப்பு தடிமனிலும் காற்றழுத்தத்திலும் இருக்கிறது. நாலு அங்குலமும் எட்டு பி.எஸ்.ஐ.யும் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் ஆகும்.

பேரன் ஐம்பது கிலோ. அவனுக்குப் பலகை ஓரளவு தாங்கியது. நின்றான். இரண்டு தடவை விழுந்து எழுந்தான். அப்புறம் அழகாகப் போக ஆரம்பித்தான். கால் கயிறு இடைஞ்சலாக இருக்கிறது என்று ஆரம்பத்திலேயே கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டோம். கழற்றிக் கொடுத்ததே நான்தான்.

கரையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் பையன் ரொம்ப தூரம் போயிருக்கிறான். "திரும்பி வாடா" என்று கத்தினேன். அவன் திருப்பப் பார்த்தான். திருப்புகிற வேகத்தில் விழுந்தான். விழுந்தவன் தலை தெரிந்தது. பலகை அவனை விட்டு நகர ஆரம்பித்தது. சும்மா நகரவில்லை, காகிதம் பறக்கிற மாதிரி காற்றில் ஓடியது. பிள்ளை என்ன செய்வான்? பலகையைப் பிடிக்க அதன் பின்னாலேயே நீந்தினான், அதாவது கரைக்கு எதிர்ப்பக்கம்.

கிணற்று நீச்சல் வேறு, கடல் நீச்சல் வேறு. எனக்குக் கை கால் ஓடவில்லை. மாப்பிள்ளைக்கு நீச்சல் தெரியாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினேன். அறுபத்தேழு வயதில் எவ்வளவு தூரம் ஓட முடியும்? "பலகைய விட்டுட்டு வாடா, விட்டுட்டு வாடா" என்று கத்தினது மட்டும் ஞாபகம் இருக்கிறது. சத்தம் அவனுக்குக் கேட்டதா தெரியவில்லை.

வலை பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் அதற்குள் படகைத் தள்ளிவிட்டார். இன்னொரு இளைஞர் தாவி ஏறினார். இன்ஜின் சத்தம் கேட்டது. ஐந்து நிமிஷம் ஆகியிருக்குமா? எனக்கு ஒரு ஷிஃப்ட் முழுக்க நின்ற மாதிரி இருந்தது. பையனைத் தூக்கிப் படகில் போட்டார்கள். அப்புறம் இன்னும் தூரம் போய்ப் பலகையையும் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

பையன் உதடு வெளுத்துப் போயிருந்தது. பேசவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தான். என் கைதான் அதிகமாக நடுங்கியது.

படகோட்டி பெரியவருக்கு என் வயதுதான் இருக்கும். கோபப்படவில்லை. கரையிலிருந்து ஒரு பிடி மணலை எடுத்து மேலே விட்டுக் காட்டினார். மணல் கடலைப் பார்த்துப் பறந்தது.

"கச்சான் காத்துங்கய்யா. தரையில இருந்து கடலுக்கு அடிக்குது. அதான் கரையோரம் தண்ணி தூங்குற மாதிரி கெடக்கு. அது தூங்கல, ஆள இழுத்துட்டுப் போகும். எங்க அப்பா கட்டுமரத்துல போன ஆளு. மரம் கவுந்தாலும் மரத்த மட்டும் விடாதன்னுதான் மொத நாள் சொல்லிக் கொடுத்தாரு."

பலகையோடு சேர்த்துக் கட்டிக்கொள்ள ஒரு கயிறு கொடுத்திருந்தார்கள். நான் அதைப் பைக்குள் வைத்திருந்தேன்.

பணம் நீட்டினேன், வாங்க மறுத்துவிட்டார். மகள் வழிக்கு என்று கட்டிக் கொடுத்திருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஒரு கிலோ காரில் இருந்தது. அதைக் கொடுத்தேன். பிள்ளைகளுக்கு என்று வாங்கிக்கொண்டார்.

வீட்டில் யாரும் மூச்சுவிடுவதில்லை என்று மாப்பிள்ளையும் நானும் பேசிக்கொண்டுதான் வந்தோம். பையன் அம்மாவைப் பார்த்ததும் அழுதுவிட்டான். அப்புறம் நடந்ததை எழுத வேண்டாம். மகள் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ஜாக்கெட் என்ன வெலப்பா?" இரண்டாயிரத்துக்கும் குறைவு. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதினைந்து நாள் போன் இல்லை.

அந்தப் பதினைந்து நாளில் ஒரு காரியம் செய்தேன். பலகையின் ஒரு முனையைக் கத்தியால் அறுத்தேன். உள்ளே நெசவு எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்கத்தான். மேஜை டிராயரில் என் பழைய பிக் கிளாஸ் இருந்தது. ஊடு நூலும் பாவு நூலும் எண்ணுவதற்கு மில்லில் வைத்திருப்போமே, அது. வைத்து எண்ணினேன். நடுவில் பிணைக்கிற நூல்கள் தூரம் தூரமாக, கலகலவென்று இருந்தன. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவர்கள் கூட இதைப் பார்த்தால் சிரிப்பார்கள். காயத்துக்குப் போடுகிற துணி கலகலவென்று இருக்கலாம், காற்றோட்டத்துக்கு. ஆளைத் தாங்குகிற துணி அப்படி இருக்கலாமா? வெளிப்பூச்சு ஒரே அடுக்கு. ஓரத்தில் பசையால் ஒட்டிய பட்டை நகத்தால் இழுத்தாலே உரிந்தது. முப்பத்தைந்து வருஷம் துணி பார்த்தவன், துணியைப் பார்க்காமல் விலையைப் பார்த்திருக்கிறேன்.

பதினாறாம் நாள் மகளே வந்தாள், பையனையும் கூட்டிக்கொண்டு. "அவன் திரும்பப் போகணுங்கறான். பயந்துபோய் விட்டான்னா நானே விட்டிருப்பேன். நீங்க ஒழுங்கா வாங்கிக் கொடுங்க, ஒழுங்கா கூட்டிட்டுப் போங்க" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டாவது தடவை வாங்கினபோது, காசை வைக்கிற வரிசையை மாற்றிக்கொண்டேன். கரைக்குத் திரும்பக் கொண்டுவருகிற சாமானுக்கு முதல் காசு. மிச்சத்துக்குத்தான் பலகை.

முதலில் லைஃப் ஜாக்கெட் இரண்டு, எனக்கும் அவனுக்கும். மூவாயிரத்து அறுநூறு. போட்டுக்கொண்டு தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். காது வரைக்கும் ஏறினால் அது பெரிய சைஸ், தண்ணீரில் உருவிக்கொண்டு போய்விடும்.

அடுத்தது கால் கயிறு. லீஷ் என்கிறார்கள். டெலிபோன் ஒயர் மாதிரி சுருண்டது வாங்கினேன், ஆயிரத்து நானூறு. சுருள் என்பதால் தண்ணீரில் இழுபடாது. கணுக்காலில் ஒட்டுகிற பட்டை அழுத்தமாக இருக்க வேண்டும். ஒன்று முக்கியம்: இது கடலுக்கும் தேங்கின தண்ணீருக்கும்தான். ஓடுகிற ஆற்றில் கணுக்கால் கயிறு ஆபத்து. கட்டையில் சிக்கினால் குனிந்து அவிழ்க்க முடியாது. அங்கே இடுப்பில் கட்டி, ஒரே இழுப்பில் அவிழ்கிற பட்டை வேண்டும்.

பலகையைப் புதிதாக வாங்கவில்லை. கடற்கரையில் சொல்லிக் கொடுக்கிறவர்கள் சீசன் முடிந்ததும் பழைய பலகைகளைக் கழிப்பது உண்டு. அப்படி ஒன்று பதினாறாயிரத்துக்குக் கிடைத்தது. பத்தரை அடி நீளம், முப்பத்திரண்டு அங்குல அகலம், ஆறு அங்குலத் தடிமன். முந்நூறு லிட்டர் வரும். முதலில் பழகுகிற பெரியவர்களுக்கு இந்த அளவு ஒத்துவரும். இருபுறமும் அழுத்தி மேலேயும் கீழேயும் அடிக்கும் பம்போடு கொடுத்தார்கள்.

பழையது வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பதினைந்து பி.எஸ்.ஐ. வரை தாங்குமா என்று வால்வு பக்கத்தில் அச்சடித்திருக்கும். அதைப் பாருங்கள். முழுக் காற்று அடித்து ராத்திரி முழுக்க நிழலில் வைத்து, காலையில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று மீட்டரில் பாருங்கள். ஓரத்து மூட்டு முழுக்கச் சோப்புத் தண்ணீர் தடவி முட்டை விடுகிறதா என்று பாருங்கள். நான் நம் பஞ்சர் கடை அண்ணாச்சியைக் கூட்டிப்போனேன். அவர் கண்ணுக்குத் தப்பாது. வால்வைச் சுற்றித் தடவிவிட்டு "சுத்தம்" என்றார். ஹால்கி ராபர்ட்ஸ் என்கிற பொது வகை வால்வாக இருந்தால் உதிரி கிடைக்கும். அடியில் ஃபின் என்கிற சிறகு மாட்டுகிற இடம் உடைந்திருக்கிறதா பாருங்கள். அது இல்லாவிட்டால் பலகை நேராகப் போகாது, சுற்றிக்கொண்டே நிற்கும். ஓட்டை விழுந்தால் டியூப் பஞ்சர் பசை போடாதீர்கள், இதற்கு பி.வி.சி. பசைதான் பிடிக்கும்.

நம் விருதுநகர் மாவட்டத்து வெயிலுக்கு ஒரு வார்த்தை. காற்று முழுக்க ஏற்றிய பலகையை வெயிலில் போட்டுவிட்டு இட்லி சாப்பிடப் போகாதீர்கள். உள்ளே காற்று சூடேறி அழுத்தம் கூடும், மூட்டு விட்டுவிடும். கரையில் எடுத்தவுடன் கொஞ்சம் காற்றை இறக்கி நிழலில் வையுங்கள். கார் டிக்கியிலும் மாதக்கணக்கில் கிடக்க வேண்டாம்.

முதல் பலகையோடு வந்த அலுமினியத் துடுப்பு கனம்தான், ஆனாலும் வேலைக்கு ஆகும். அதையே வைத்துக்கொண்டோம். துடுப்பை நிறுத்தி வைத்துக் கையை உயர்த்தினால் கைப்பிடி மணிக்கட்டுக்கு வர வேண்டும், அதுதான் உயரம். அலகு முன்பக்கம் சாய்ந்திருக்கும்படி பிடிக்க வேண்டும். நான் முதல் நாள் முழுக்கத் தலைகீழாகத்தான் பிடித்திருந்தேனாம், பேரன் இப்போதுதான் சொன்னான்.

மொத்தக் கணக்கு: ஜாக்கெட், கயிறு, பழைய பலகை எல்லாம் சேர்த்து இருபத்தோராயிரம். ஒதுக்கிய இருபத்தைந்தாயிரத்துக்குள்ளேயே முடிந்திருக்கும், நாலாயிரம் மிச்சம்கூட. முதலில் கொட்டின பதினோராயிரத்து ஐந்நூறைச் சேர்த்தால் முப்பத்திரண்டாயிரத்து ஐந்நூறு. அந்தப் பதினோராயிரத்து ஐந்நூறு நஷ்டத்தில் முடிந்தது என் அதிர்ஷ்டம். வேறு எப்படி வேண்டுமானாலும் முடிந்திருக்கலாம்.

இப்போது சொல்லிக் கொடுக்கிற இடத்துக்கே போகிறோம். அங்கே ஓர் ஆள் கூட இருப்பார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பேரன் இறங்குவதற்கு முன்னால் ஒரு பிடி மணலை எடுத்து மேலே விடுகிறான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. தரையிலிருந்து கடலுக்குப் பலமாக அடித்தால் அன்றைக்கு இறங்குவதில்லை, மண்டபம் போய் மீன் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவோம். நாலு மணி நேரம் போக, நாலு மணி நேரம் வர, அவன் பேசிக்கொண்டே வருவான். எனக்கு அதுவே போதும்.

போன தடவை நான் எழுந்து நின்றேன். பலகை வளையவில்லை. ஒரு இருபது துடுப்புப் போட்டிருப்பேன். கரையில் நின்ற மகள் கைதட்டவில்லை, என் காலைத்தான் பார்த்தாள். கயிறு கட்டியிருக்கிறேனா என்று.

அறுத்த பழைய பலகையை விரித்தால் நல்ல கெட்டியான விரிப்பு. மொட்டை மாடியில் கிடக்கிறது. என் மனைவி அதன்மேல் வேட்டியை விரித்து வடாம் காய வைக்கிறாள். பதினோராயிரத்து ஐந்நூறு ரூபாய் வடாம் என்று, வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லித்தான் பொரித்துப் போடுகிறாள்.